புல்லும் கம்பளமும்

நோர்வூட் மைதானம் என்றால் பலருக்கு 2017 மே 12 ஞாபகம் வரும். இந்தியப் பிரதமர் மோடி வந்து பேசிய நாள். கூட்டம் மேடையைப் பார்த்தது. காலடியில் கிடந்த புல்லை யார் பார்த்தார்கள்? இன்றைக்கு அந்தப் புல்லைப் பற்றித்தான் பேச்சு.

"நம்ம கிரவுண்டுக்கும் செயற்கைப் புல் போட்டா என்ன?" என்று தோட்டத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனி, ஆடியில் மழை பிடித்துக்கொண்டால் ஹட்டன் பக்கத்து மைதானங்கள் சேற்று வயலாகிவிடும். உதைத்த பந்து உதைத்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும்.

செயற்கைப் புல் பேர்பெற்ற கதை வேடிக்கையானது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1965இல் கூரை போட்ட அரங்கொன்றைத் திறந்தார்கள். கூரை வழியே வந்த வெயிலில் கண் கூசவே, அதற்குச் சாயம் அடித்தார்கள். வெளிச்சமில்லாமல் புல் செத்தது. மறுவருடம் பிளாஸ்டிக் புல்லைக் கம்பளமாக விரித்தார்கள். 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் ஹொக்கியும் அதன்மேல் ஏறியது. புல்தரையில் ஏழு தங்கம் வென்றிருந்த இந்தியா அந்த முறை ஏழாம் இடத்துக்குப் போனது. ஹொக்கிக்குச் சமதளம் வேண்டும். அதில் கம்பளத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

சமவெளியில் அது வெயிலில் கொதிக்கும், கால் சுடும் என்பார்கள். நம் குளிருக்கு அந்தப் பயம் குறைவு. நம் சிக்கல் மழை. உதைபந்தாட்டக் கம்பளங்களில் இழைகளுக்கு நடுவே பெரும்பாலும் பழைய டயரை அரைத்த கறுப்புக் குருணையைத்தான் தூவுகிறார்கள். அடைமழையில் அது வரம்பு தாண்டி ஓடும். எங்கே? நோர்வூட்டில் விழும் தண்ணீர் கெசல்கமுவ ஓயாவில் இறங்கி, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தங்கி, களனி கங்கையாகக் கீழே போகிறது. அம்பத்தளையில் அதை எடுத்துத்தான் கொழும்பு குடிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் இந்தக் குருணைக்கு 2023இல் தடை விதித்து, 2031 வரை அவகாசம் கொடுத்திருக்கிறது. அங்கே வேண்டாமென்று கழித்த சரக்கு மலிவு விலையில் நம் மலைக்கு ஏறிவராது என்று யார் சொல்வது?

கம்பளத்துக்கும் ஆயுள் பத்து வருடம், அவ்வளவுதான். பிறகு சுருட்டி எந்த ஓடைக்கரையில் போடுவது?

இயற்கைப் புல் நம் மழையைத் தாங்குமா? நுவரெலியா கோல்ஃப் மைதானத்தைப் பாருங்கள். 1889இல் தொடங்கிய கழகம். அதே மழை, அதே பனி. புல் பச்சையாகவே நிற்கிறது. அங்கே வெட்டவும் விதைக்கவும் தண்ணீரை வடிக்கவும் சம்பளத்துக்கு ஆள் உண்டு. லயத்துக்குக் கீழே பிள்ளைகள் ஓடும் மைதானத்துக்கு ஆளும் இல்லை, சம்பளமும் இல்லை. வித்தியாசம் புல்லில் இல்லை.

மலைச்சரிவில் கான் வெட்டித் தண்ணீரை வழிநடத்திய கைகள் நம்முடையவை. மைதானத்தைச் சுற்றி ஆழமாகக் கான், அடியில் கல்லும் மணலும், மேலே புல். இது நமக்குத் தெரியாத வேலையா?

அடுத்த தேர்தலில் யாராவது கம்பளம் தருகிறேன் என்று வந்தால், முதலில் கான் வெட்டித் தரச் சொல்லுங்கள். புல் வெட்ட ஓர் ஆளுக்கு மாதச் சம்பளமும் கேளுங்கள்.