பம்பியைத் தொடுத்ததும் தளரும் கொன்வேட்டர்



நாற்றுமேடைக்கும் மரக்கறிப் பாத்திக்கும் நீர் விடுவதற்குச் சூரிய ஒளியால் இயங்கும் சிறு பம்பிகளைப் பலர் பயன்படுத்துகின்றனர். 24 வோல்ற்றுப் பற்றரித் தொகுதியினால் 12 வோல்ற்றுப் பம்பியை இயக்குவதற்கு, மின்னழுத்தத்தைக் குறைக்கும் கொன்வேட்டர் ஒன்று இடையே வைக்கப்படும். பம்பியைத் தொடுக்குமுன் அது சரியாக 12 வோல்ற்றுக் காட்டும். தொடுத்ததும் அழுத்தம் விழுந்து பம்பி நின்றுவிடும். கருவி பழுதென எண்ணிப் புதியதை வாங்குவோர், அதுவும் அவ்வாறே நிற்கக் கண்டு திகைப்பர். அதற்கிடையில் நாற்றுக்கள் வாடிவிடும்.

சுமையின்றி எடுக்கும் அளவு குற்றத்தைக் காட்டாது. பம்பி இயங்க முயலும் வேளையிலேயே மல்ரிமீற்றரால் அளத்தல் வேண்டும்.

முதலாவதாக, கொன்வேட்டருக்கு மின் உட்செல்லும் முனைகளில் அளக்க. அங்கே 22 வோல்ற்றுக்குக் கீழே இறங்குமாயின், பற்றரியின் முனைகளிலும் அளக்க. அங்கும் இறங்கினால் பற்றரி வலுக்குன்றியது. இறங்காவிடின் இடையிலுள்ள வயரும் இணைப்புமே காரணம். பச்சை படிந்த முனைகளைச் சுரண்டி இறுக்குக. உள்வரும் அழுத்தம் குறையக் குறையக் கொன்வேட்டர் கூடிய மின்னோட்டத்தை இழுக்கும். அதனால் மெல்லிய வயரில் அழுத்தம் மேலும் விழும்.

இரண்டாவதாக, உட்செல்லும் அழுத்தம் நன்றாயிருந்து வெளிவரும் அழுத்தம் விழுமாயின், பம்பியைக் கழற்றி, 12 வோல்ற்று 21 வாற்று வாகன விளக்குகள் இரண்டைப் பக்கம் பக்கமாகத் தொடுக்க. அவை ஏறத்தாழ 3.5 அம்பியர் இழுக்கும். 5 அம்பியர்க் கொன்வேட்டர் இதற்கே தளர்ந்தால் அது பழுதானது. விளக்குகள் நிலையாக எரிந்து பம்பி மட்டும் நிற்குமாயின், பம்பியிற் சேறோ நாரோ சிக்கியுள்ளதா எனப் பார்க்க. இல்லையெனில் காரணம் தொடக்க மின்னோட்டமே. 60 வாற்றுப் பம்பி ஓடும்போது 5 அம்பியர் இழுப்பினும், புறப்படும்போது அதன் பன்மடங்கை இழுக்கும். ஆகவே 15 அம்பியர் தாங்கும் கருவியே ஏற்றது. சில நிமிடம் ஓடியபின் நிற்பது சூட்டினாலாகலாம். கருவியை நிழலிலும் காற்றோட்டத்திலும் வைக்க.

மூன்றாவதாக, பம்பியின் முனைகளில் அளக்க. 1 சதுர மில்லிமீற்றர்ச் செப்பு வயரில், 10 மீற்றர் தூரத்துக்கு 5 அம்பியர் போய்வர 1.7 வோல்ற்று இழக்கப்படும், 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 0.7 வோல்ற்றே இழக்கப்படும். கொன்வேட்டரைப் பம்பிக்கு அருகில் வைப்பது இன்னும் நன்று. நீண்ட வயரில் மின்னோட்டம் குறையும்.

பற்றரிக்கு அருகில் பியூஸ் வைக்க. வயரைத் தொடுமுன் அதனைக் கழற்றுக. அளந்தறிந்த பின்னரே பணத்தைச் செலவிடுக.