ஆசிரியர்களுக்கு ஆசிரியர்

ஆசிரியர்களை உருவாக்கும் பயிற்றுநர்களின் சொந்த நம்பிக்கைகள், அவர்கள் கால் வைக்காத வகுப்பறைகளிலும் வேலை செய்கின்றன. இன்ன வீட்டுப் பிள்ளைக்குக் கணக்கு ஏறாது, காது கேளாத குழந்தைக்குச் சிறப்புப் பள்ளிதான் சரி என்று பயிற்றுநர் நினைத்தால், வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அது பயிற்சி மாணவர்களுக்குத் தொற்றிக்கொள்ளும்.

சட்டத்துக்குக் குறைவில்லை. 2009இன் கல்வி உரிமைச் சட்டமும் 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இருக்கின்றன. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளால் பி.எட். இரண்டாண்டுப் படிப்பானது, உள்ளடக்கிய பள்ளி பற்றிய தாளும் பாடத்திட்டத்தில் சேர்ந்தது. அந்தத் தாளை மனப்பாடம் செய்தே தேறிவிடலாம் என்பதுதான் சங்கடம்.

நம்பிக்கை கைமாறுவது கற்பித்தல் பயிற்சியின்போது. பயிற்சி மாணவி பாடம் நடத்துகிறார். பயிற்றுநர் கடைசி பெஞ்சில் குறிப்பேட்டுடன் அமர்ந்திருக்கிறார். கரும்பலகைக் கையெழுத்து, குரல், துணைக்கருவி, நேரம் எல்லாவற்றுக்கும் குறிப்பு எழுதுகிறார். கேள்விகள் முழுக்க முன்வரிசைக்கே போனதையும், காதில் கருவி மாட்டிய சிறுவனை ஒருமுறைகூட எழுப்பாததையும் எழுதுவதில்லை. “வகுப்புக் கட்டுப்பாடு நன்று” என்று கையெழுத்திட்டுத் தருகிறார். பி.எட். முடித்த நேயர்களுக்கு இப்படியொரு பக்கம் நினைவிருக்கலாம். எதைக் கவனிக்காமல் விட்டாலும் பாதகமில்லை என்பதை அந்த மாணவி அன்றே கற்றுக்கொள்கிறார்.

நல்லெண்ணம் இருந்தால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. ரீமா ஹன்னா, லீ லிண்டன் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் இந்தியாவில் நடத்திய ஆய்வு 2012இல் வெளியானது. விடைத்தாள் முகப்பில் குழந்தையின் சாதி முதலான விவரங்களை அவர்கள் குலுக்கல் முறையில் மாற்றி எழுதி, ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். கீழ்ச்சாதி என்று குறித்த தாள்களுக்கு மதிப்பெண் சற்றே குறைந்தது. அப்படிக் குறைத்தவர்கள் பெரும்பாலும் அதே அடுக்கிலிருந்து வந்த ஆசிரியர்கள்தான். ஒடுக்கப்பட்டவர் மனத்திலும் அந்த அளவுகோல் குடியிருக்கிறது. பயிற்றுநர்களும் இதற்கு விதிவிலக்கல்ல.

ஆகவே, மனம் மாறட்டும் என்று காத்திருப்பதைவிடப் பழக்கத்தை மாற்றுவது எளிது. எந்தக் குழந்தையிடம் கேள்வி போனது, யாரிடம் போகவில்லை என்று குறிக்க நோக்கல் படிவத்தில் ஒரு கட்டம் போதும். அதற்குப் புதிய சட்டமோ நிதியோ தேவையில்லை. கல்வியியல் கல்லூரிகள் இந்த ஆண்டே சேர்த்துக்கொள்ளலாம்.