விழப்போற பல்தானே?

குழந்தை சீக்கிரம் தூங்கணுமே என்று பால் புட்டியை வாயில் வைத்தபடியே படுக்க வைக்கிற பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. பகலில் எச்சில் ஊறி ஊறிப் பல்லைக் கழுவிக்கொண்டே இருக்கும். தூக்கத்தில் அது வெகுவாகக் குறைந்துவிடும். அந்த நேரத்தில் சர்க்கரை போட்ட பால் மேல்வரிசை முன்பற்களில் தேங்கினால், கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்கிப் பல்லை அரித்துவிடும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை பெரும்பாலும் தப்பிவிடும்.

குழந்தையின் மேலுதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டி, சுண்ணாம்பால் கோடு இழுத்ததுபோல வெள்ளையாகத் தெரிந்தால் அது சொத்தையின் தொடக்கம். குழி விழுவதற்கு முன் தடுக்க வாய்ப்புள்ள கட்டம் இது. பழுப்பாகும்வரை காத்திருக்காமல் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

"விழப்போற பல்தானே" என்று மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பால் கடைவாய்ப் பற்கள் 10, 12 வயதுவரை இருந்து, அடுத்து வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைக்கின்றன.

முதல் பல் முளைத்ததுமே அரிசி அளவு ஃபுளோரைடு பற்பசை தொட்டுத் தேய்த்துவிடுங்கள். பாலைக் குடிக்க வைத்து, வாயைத் துடைத்த பிறகு படுக்கப் போடுங்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளை ராத்திரி புட்டி கேட்டால் வெறும் தண்ணீர் கொடுங்கள். சில நாள் அழத்தான் செய்யும், பிறகு பழகிவிடும்.