கைப்பக்குவமா? கடைப்பக்குவமா?

  

எதிரணி அம்மையார் என்ன சொன்னார்? "பாக்கெட்டைப் பிரி, வெந்நீரிலே போடு, இரண்டே நிமிஷம். இதிலே கைக்கு என்ன வேலை?" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அம்மா, அந்தப் பாக்கெட்டைப் பிரிக்கவே கைதானே வேண்டும்? (சிரிப்பு)

வேடிக்கை இருக்கட்டும். 1958இல் ஜப்பானிலே மோமோஃபுகு ஆண்டோ என்பவர் இந்த உடனடி நூடுல்ஸைக் கண்டுபிடித்தார். ஆவியிலே வேகவைத்து, எண்ணெயிலே பொரித்து, ஈரத்தை ஓட்டிவிட்டார். அதனாலேதான் வெந்நீரைக் கண்டதும் இளகுகிறது. 1983இல் மேகி நம் நாட்டுக்கு வந்தது. ஆக, கடையிலே கிடைப்பது பாதிச் சமையல். மீதியை யார் செய்வது? அங்கேதான் ஐயா வழக்கு!

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். என் தாயார் இதே பொன்னமராவதியில்தான் இருக்கிறார். எண்பது வயது. கோடை விடுமுறைக்கு என் மகன் வந்தான். இடியாப்பம் பிழிந்து, தேங்காய்ப்பால் எடுத்து வைத்தால், "எனக்கு நூடுல்ஸ் போதும் அப்பத்தா" என்றுவிட்டான். அம்மா ஒன்றும் பேசவில்லை. இடியாப்ப உரலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "இனி என் கைக்கு வேலையில்லப்பா" என்றார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அடுப்படியிலே கமகமவென்று வாசம். எட்டிப் பார்த்தேன். நல்லெண்ணெயிலே பத்துச் சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை வதங்குகிறது. தண்ணீர் ஊற்றிக் கொதித்ததும் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. அப்புறம்தான் நூடுல்ஸ். மசாலாப் பொட்டலத்திலே பாதியைத்தான் போட்டார். "அம்புட்டையும் போட்டா உப்புக் கரிக்கும்டா." ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அம்மா அதையெல்லாம் படித்தவரில்லை, நாக்கு சொல்லிக்கொடுத்தது! ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, கிளறாமல் மூடி வைத்தார். இறக்கிய பிறகு மிளகுத்தூள், எலுமிச்சைச் சாறு. கடைசியிலே பொட்டுக்கடலை மாவைத் தூவினார்.

"இது எதுக்கும்மா?"

"எங்க அப்பச்சி ரங்கூன்ல இருந்தாகள்ல? அங்க இப்படித்தான் சாப்புடுவாகளாம்."

பர்மாவைப் பற்றி இந்தச் சுற்றுவட்டாரத்துக்கு நான் சொல்ல வேண்டுமா? 1962இல் அங்கே ராணுவ ஆட்சி வந்த பிறகு திரும்பி வந்த நம்மவர்கள் சென்னை பர்மா பஜார் பக்கம் அத்தோ கடை போட்டார்கள். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், பொட்டுக்கடலை மாவு எல்லாவற்றையும் எதனாலே கலக்கிறார்கள்? கையாலே பிசைகிறார்கள் ஐயா, கையாலே! (கைதட்டல்)

பேரன் அன்றைக்குத் தட்டை வழித்துவிட்டு, "இன்னும் இருக்கா?" என்றான். மறுநாள் உரல் நிமிர்ந்துவிட்டது. மிஞ்சிய இடியாப்பத்தையும் அதே பக்குவத்திலே தாளித்துக் கொடுத்தார்; அதுவும் காலி!

இப்போது அவன் கல்லூரி விடுதியிலே இருக்கிறான். போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு போன். "அப்பத்தா, மொதல்ல வெங்காயமா, கறிவேப்பிலையா?" "மொதல்ல வெங்காயத்த உரிச்சியா ராசா?" இரண்டு நிமிஷச் சமையலுக்கு அரை மணி நேரப் பேச்சு!

நடுவர் மணியடிக்கிறார். இன்னும் இரண்டே நிமிஷம் கேட்கலாம், எதிரணி சிரிப்பார்கள்.