தலைப்பில் வாழும் பழஞ்சொல்



பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இவ்விலக்கிய வட்டத்தில் கவிஞர்களே மிகுதி. ஆதலின், புதினங்களைப் பற்றிய பேச்சும் கவிதையின் வாசலிலிருந்தே தொடங்குவது முறையாகும்.

வாசகர் ஒரு புதினத்தில் முதலில் சந்திப்பது அதன் தலைப்பை. இந்த நூற்றாண்டில் வெளிவந்த தமிழ்ப் புதினங்களுள் மூன்றின் தலைப்புகள் பழம்பாடல்களின் மணம் வீசுவன. அவை ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004), சோ. தர்மனின் ‘சூல்’ (2016), தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ ஆகியன. பின்னிரண்டும் முறையே 2019, 2023ஆம் ஆண்டுகளின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றவை. ஒன்று கடலைப் பற்றியது. ஒன்று கண்மாயைப் பற்றியது. மற்றொன்று ஆற்றின் பெயரால் ஒரு மனிதனைப் பற்றியது. இம்மூன்றையும் அடுத்தடுத்துப் படிக்கும் வாசகர்க்கு ஓர் ஐயம் எழும்: தலைப்பில் அமர்ந்திருக்கும் பழஞ்சொல் வெறும் அணிகலனா? உள்ளே வாழும் மாந்தர்க்கு அதில் பங்கு உண்டா?

‘ஆழி சூழ் உலகு’ ஆமந்துறை என்னும் கடற்கரை ஊரின் பரதவர் வாழ்வை 1933 முதல் 1985 வரை மூன்று தலைமுறைகளின் வழியாகச் சொல்வது. அதன் தலைப்பு கம்பனின் அயோத்தியா காண்டத்தை நினைவூட்டும். நாடு பரதனுக்கு, காடு உனக்கு என்று கைகேயி இராமனிடம் உரைக்கும் இடம் அது. ஒருவனுக்கு ஆட்சியும் மற்றொருவனுக்கு இழப்பும் பேசப்படும் பாடலின் தொடரை, இழப்பே வாழ்வாகிய மீனவர் கதைக்குச் சூட்டியது பொருத்தமுடையது. பரதன் ஆளும் உலகத்தைக் கம்பன் பாடினான். அந்த உலகைச் சூழ்ந்த ஆழியில் பரதவர் படும் பாட்டைப் புதினம் பாடுகிறது. உடைந்த மரத்தைப் பற்றிக்கொண்டு கடலில் மிதக்கும் மூவரின் கதை இடையிடையே வந்து நெஞ்சை அழுத்துகிறது. இளையவன் பிழைக்கட்டும் என்று மூத்தோர் தம்மைக் கடலுக்கு ஒப்புக்கொடுக்கும் பகுதியைக் காவியப் பண்புடையது எனத் தயக்கமின்றிக் கூறலாம். எனினும் மாந்தர் தொகை மிகுதி. காலம் முன்னும் பின்னும் தாவுவதால், முதல் நூறு பக்கங்களில் யார் மகன் யார் என்று அறியாமல் வாசகர் தடுமாறுவர். இது குறையே. ஆனால் பொறுத்திருப்போர்க்குக் கடல் கைகொடுக்கும்.

இப்புதினத்தின் பேச்சுமொழி புரியவில்லை என்று கூறுவோர் உளர். வட்டார வழக்கு தமிழைச் சிதைத்துவிடும் என அஞ்சுவோரும் உளர். அவர்கள் ‘கொண்டல்’ என்னும் ஒரு சொல்லை எண்ணிப் பார்த்தல் நலம். இன்று படித்தோர்க்குக் கொண்டல் என்றால் மேகம். தென்கடற்கரை மீனவர்க்கோ அது கீழ்க்காற்று. கீழ்க்காற்று என்னும் அப்பொருள் பழந்தமிழ் நூல்களிலும் உண்டு. வகுப்பறை மறந்த பொருளைக் கட்டுமரம் மறக்கவில்லை. காற்றின் பெயரைப் பிழையாக அறிந்தவன் கரை திரும்ப இயலாது. ஆகவே அவன் நாவில் அச்சொல் பிழைபடாமல் நின்றது. வட்டார வழக்கு பழந்தமிழுக்குப் பகை என்று சொல்வதற்கு முன் இத்தகைய சொற்களைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

‘சூல்’ கரிசல் நிலத்தின் உருளைக்குடி என்னும் ஊரையும் அதன் கண்மாயையும் பற்றியது. சூல் கொண்ட மேகம் என்பது சங்கப் பாடல்களில் பயின்ற வழக்கு. தர்மன் அச்சொல்லை வானத்திலிருந்து இறக்கி நிலத்தில் வைக்கிறார். நீர் நிறைந்த கண்மாயே இங்கு நிறைசூலி. அவள் வயிற்றில் ஓர் ஊரே கிடக்கிறது. மடையைத் திறந்து நீரைப் பங்கிடும் குடும்பன், கோடையில் கரம்பை மண்ணை அள்ளி வயலுக்குக் கொண்டுசெல்லும் உழவர், கரையில் நிற்கும் தெய்வங்கள் ஆகிய யாவும் ஒரே ஏற்பாட்டின் உறுப்புகள். கரம்பையை அள்ளும்போது வயலுக்கு உரமும் கண்மாய்க்கு ஆழமும் ஒருங்கே கிடைத்தன. குடிமராமத்து என்னும் வழக்கத்தின் பொருளை ஆய்வேடுகளைக் காட்டிலும் இப்புதினம் எளிதில் உணர்த்திவிடுகிறது. தமிழகத்தில் ஏறத்தாழ 40,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன என்பர். அவை தூர்ந்தமைக்கு மழைக்குறைவு மட்டுமே காரணம் ஆகாது. ஊருக்கும் நீருக்கும் இருந்த உரிமையும் கடமையும் அறுந்ததே காரணம் என்பது இப்புதினத்தின் வழக்குரை.

அவ்வழக்குரையே இதன் குறையும் ஆகிறது. விடுதலைக்குப் பின்னைய காலத்தைச் சொல்லும் இறுதிப் பகுதியில் கதை பின்வாங்கிக் குற்றச்சாட்டு முன்வருகிறது. முற்பகுதியில் மனிதராக நடமாடியோர் பிற்பகுதியில் கருத்துகளாகச் சுருங்குகின்றனர். கண்மாயின் சாவுக்குக் காட்டிய சினத்தில் ஒரு பங்கைக் குறைத்து, அச்சாவைக் கண்ட ஒரு முதியவரின் முகத்தைக் கூடுதலாகக் காட்டியிருந்தால் துயரம் இன்னும் ஆழ்ந்திருக்கும்.

மூன்றாவது ‘நீர்வழிப் படூஉம்’. கொங்குநாட்டுக் குடிநாவிதராகிய காரு மாமா இறக்கிறார். உறவுகள் கூடுகின்றன. மனைவி கைவிட்டுப் போன பின்னர் அவர் வாழ்ந்த வாழ்வு, அழுவோரின் நினைவுகளாக விரிகிறது. பெருநிகழ்ச்சி எதுவும் இல்லை. ஒரே துயரத்தைப் பலர் வாயால் கேட்கும்போது சில இடங்களில் சலிப்பு தோன்றுவதும் உண்மை. ஆயினும் மூன்று தலைப்புகளுள் மிகத் துணிவானது இதுவே.

தலைப்பு புறநானூற்றின் 192ஆம் பாடலிலிருந்து வந்தது. கணியன் பூங்குன்றனாரின் அப்பாடலின் முதலடி மேடைதோறும் முழங்குகிறது. வரவேற்பு வளைவுகளில் எழுதப்படுகிறது. ஆனால் பாடல் அங்கே முடிவதில்லை. பேராற்று நீரின் வழிச் செல்லும் புணைபோல் உயிர் செல்லும் என்று தெளிந்ததனால் பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்பதே பாடல் சென்று சேரும் இடம். தேவிபாரதி தலைப்பைப் பாடலின் நடுவிலிருந்து எடுத்தார். புதினத்தையோ பாடலின் முடிவின்மேல் கட்டினார். ஊரார் சிறியர் என்று ஒதுக்கிய ஒரு நாவிதரை, இகழ்ச்சியும் இன்றி, இரக்கத்தால் உயர்த்தும் பொய்ம்மையும் இன்றி அவர் எழுதியிருப்பது அப்பாடலுக்கு வாய்த்த நல்லுரை எனலாம்.

கொங்குநாட்டில் நாவிதர்க்குக் ‘குடிமகன்’ என்பது பெயர். இன்று அச்சொல்லுக்கு நாட்டின் உரிமை பெற்றவர் என்று பொருள் கூறுகிறோம். கொங்கு வேளாளர் திருமணங்களில், கம்பர் பாடியதாக வழங்கும் மங்கல வாழ்த்தைப் பாடும் உரிமையும் அக்குடிமகனுடையதே. மணமேடையில் கவிதையை நாவில் சுமந்தவர், மணம் முடிந்ததும் தாழ்வாரத்தில் நின்றார். 192ஆம் பாடலின் முதலடியை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறும் அவர் மகனுக்கு, அப்பாடலின் இறுதி தன் தந்தையைப் பற்றியது என்று வகுப்பறையில் சொன்னவர் எத்தனை பேர்? தமிழ் கற்பிப்போர் நெஞ்சைத் தொட்டுப் பார்க்க வேண்டிய வினா இது.

ஆக, மூன்று புதினங்களும் பழஞ்சொல்லை இரவல் வாங்கியதோடு நிற்கவில்லை. அதற்கு உரிய விலையையும் தந்திருக்கின்றன. கடல் தின்ற உயிர்கள், தூர்ந்த கண்மாய், பெயரின்றிப் போன ஒரு நாவிதரின் வாழ்வு ஆகியனவே அவ்விலை. கவிதையில் ஆழி என்றும் சூல் என்றும் புணை என்றும் எழுதுதல் எளிது. எழுதுமுன் அச்சொல் இன்று யாருடைய நாவில் உயிரோடு இருக்கிறது, யாருடைய கையில் தொழிலாக இருக்கிறது என்று ஒருமுறை கேட்டறிந்தால், சொல்லுக்குச் சுமை ஏறும். சுமை ஏறிய சொல்லே நிலைக்கும்.

இவ்வட்டம் பத்தாண்டுகளாகக் கவிதைகளைக் கேட்டு வந்துள்ளது. வரும் ஆண்டுகளில் மாதம் ஒரு புதினத்தையும் கூட்டத்தில் வாய்விட்டுப் படிக்கலாம். கண்ணுக்குக் கடினமாகத் தோன்றும் வட்டார வழக்கு, செவிக்கு எளிதில் இணங்கிவிடும். அவ்வாறு படிக்கும் நாளில், மீனவரும் உழவரும் நாவிதரும் கேட்போராக அல்லாமல் உரை சொல்வோராக இவ்வவையில் அமர்வார்களாயின், அதுவே வட்டத்தின் இருபதாம் ஆண்டு மலருக்கு ஏற்ற முதற்பக்கமாக அமையும்.