துடைத்த இரண்டு சொற்கள்



பழைய பாடம் ஒன்றைப் பற்றிப் பேசச் சொன்னார் செயலாளர். ஐந்தே நிமிடமாம்! தாமஸ் ஹார்டியின் 'ஃபார் ஃப்ரம் த மேடிங் கிரௌட்' நாவலை எடுத்துக்கொள்கிறேன். 1874-ல் வெளிவந்தது. சரியாக நூறு வருஷம் கழித்து, 1974-ல், நம்ம கைக்கு வந்தது.

இங்கிலாந்துக் கிராமத்துக் கதைதான். ஆனால் இளம் குளோவரை மேய்ந்து வயிறு உப்பிச் சாகக் கிடக்கும் ஆடுகளைக் கேப்ரியல் ஓக் குத்திக் காப்பாற்றும் இடம் வந்தபோது, பேராசிரியருக்கே விளக்கம் சொன்னது நம்ம கடைசி பெஞ்சு ஆட்கள்தானே!

கேப்ரியல் விரும்பிய பாத்ஷீபா, டிராய் என்கிற ராணுவ சார்ஜண்டைக் கட்டிக்கொள்கிறாள். டிராயின் பழைய காதலி ஃபேனி. கல்யாணத்தன்று சர்ச் மாறிப் போய் நின்றதால் கைவிடப்பட்டவள். கடைசியில் ஏழைகள் விடுதியில் தாயும் பிள்ளையுமாய்ச் செத்துப்போகிறாள். சவப்பெட்டியை ஓர் இரவு பாத்ஷீபா வீட்டில் வைக்கிறார்கள். மூடிமேல் ஃபேனியின் பெயரும், கூடவே குழந்தை என்றும் சாக்பீஸால் எழுதியிருக்கிறது. கேப்ரியல் கைக்குட்டையை எடுத்து, குழந்தையைச் சொல்லும் கடைசி இரண்டு சொற்களை மட்டும் துடைத்துவிட்டுப் போகிறான்.

பலனில்லைதான். அன்றிரவே பாத்ஷீபா பெட்டியைத் திறந்து பார்த்துவிடுகிறாள். பரீட்சையில் நாமெல்லாம் அந்தக் காட்சியைத்தான் பக்கம் பக்கமாக எழுதினோம். கைக்குட்டையை நான் எழுதவேயில்லை.

1991-ல் என் அப்பா காலமானார். எடுக்கிற நேரத்தில் பக்கத்து ஊரிலிருந்து ஒரு அம்மாள் வந்து, வேப்பமரத்துக்கு அப்பால் தனியாக நின்றார். பெண்கள் பக்கம் குசுகுசுப்பு. "யாரு அது?" என்று ஒரு சின்னப் பெண் உரக்கவே கேட்டுவிட்டாள். அழுதுகொண்டிருந்த என் அம்மா நிமிர்ந்து, "எனக்கு அக்கா முறை. வெயில்ல நிக்கிறாங்க பாரு, கூட்டிட்டு வாங்க" என்றார். அந்த அம்மாள் வந்து அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அன்று ராத்திரி சித்தப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, பெரியவர்கள் சம்மதிக்காமல் போன பெண்ணாம் அவர். அம்மாவுக்கு எல்லாமே தெரியுமாம். இப்போது இவர்கள் யாருமே இல்லை. அதனால்தான் இங்கே சொல்கிறேன்.

சித்தப்பா எழுந்து போனதும் அலமாரியில் ஹார்டியைத் தேடினேன். அகப்படவில்லை. இரவல் வாங்கிப் போன நண்பர் இதோ, மூன்றாவது வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறார். ஐயா, தயவுசெய்து கொடுத்துவிடுங்கள்!