டில்லிக் குளிரும் நம் இல்லமும்

ஐப்பசி பிறந்துவிட்டால் தமிழ்நாட்டில் மக்கள் மழையை எதிர்நோக்கி வீட்டைச் சீர்செய்வார்கள். உடைந்த ஓட்டை மாற்றுவதும், வடிகாலைத் தூர் எடுப்பதும், விறகை உள்ளே அடுக்குவதும் அங்கே காலங்காலமாக நடந்துவரும் பணிகள். கரோல்பாக்கிலும் இராமகிருஷ்ணபுரத்திலும் மயூர் விகாரிலும் குடியேறி வாழும் நாமோ, அதே ஐப்பசியில் வேறொரு விருந்தாளியை எதிர்கொள்ள வேண்டியவர்களாக இருக்கிறோம். அவ்விருந்தாளி வடநாட்டுக் குளிர்.

சென்னையில் மார்கழி இரவிலும் வெப்பநிலை ஏறத்தாழ 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். டில்லி சப்தர்ஜங் நிலையத்திலோ 2006-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் நாள் 0.2 டிகிரியும், 2021-ஆம் ஆண்டு புத்தாண்டு நாளன்று 1.1 டிகிரியும் பதிவாயின. இத்தகைய நாட்கள் சிலவே எனினும், கைக்குழந்தைகள் உள்ள வீட்டிலும், ஊரிலிருந்து வந்து தங்கும் முதிய பெற்றோர் உள்ள வீட்டிலும் அச்சில நாட்களே போதும், பெருந்துன்பம் விளைவதற்கு.

நல்ல வீடு எது என்று நம்மவரைக் கேட்டால், காற்று வந்து போகும் வீடு என்றே விடை வரும். தென்னாட்டுத் தட்பவெப்பத்திற்கு அது பொருத்தமான இலக்கணம். வடக்கிலும் கோடையில் அது பொருந்தும். ஆனால் தை மாதத்து இரவில், கோடைக்கு உற்ற துணையாக இருந்த அதே காற்றோட்டம் வீட்டின் வெப்பத்தையெல்லாம் வெளியே கொண்டுபோய்விடுகிறது. நாம் செய்வது என்ன? கடைக்குச் சென்று ஹீட்டர் ஒன்று வாங்கி வருகிறோம். 2,000 வாட் ஹீட்டர் இடைவிடாது ஒரு மணி நேரம் எரிந்தால் 2 யூனிட் மின்சாரம் செலவாகும். நாள்தோறும் 5 மணி நேரம் எரிந்தால் மாதத்தில் 300 யூனிட். அவ்வளவு செலவிட்டும் அறை சூடேறவில்லையே என்று வருந்துகிறோம். ஓட்டைக் குடத்தில் எவ்வளவு நீர் வார்த்தால்தான் என்ன? வெப்பத்தை உண்டாக்குவதினும் இருக்கும் வெப்பத்தைக் காப்பது எளிது, செலவும் குறைவு.

ஆகவே முதற்பணி, ஓட்டைகளைக் கண்டறிதல். காற்று வீசும் மாலையில் ஊதுவத்தி ஒன்றை ஏற்றிக் கதவோரமும் சன்னலோரமும் மெல்லக் கொண்டுசெல்லுங்கள். திரைச்சீலைகளுக்கு மட்டும் எட்டியே பிடியுங்கள். புகை எங்கே அலைகிறதோ அங்கே காற்று நுழைகிறது. கோடையில் கூலர் வைத்திருந்த சன்னல்தான் பெரும்பாலும் முதற்குற்றவாளி. கூலரை எடுத்தபின் அவ்விடத்தை அட்டையாலோ பலகையாலோ நன்கு மூடிவிட வேண்டும். சன்னல் சட்டங்களின் இடுக்கில் ஒட்டுவதற்கு நுரை நாடா கடைகளில் கிடைக்கிறது. கதவின் கீழ் இடைவெளிக்குப் பழைய வேட்டியைத் திரிபோல் சுருட்டி, நீண்ட பையில் இட்டுத் தைத்து வைத்தால் போதும். நம்மில் பலர் வாடகை வீட்டில் இருப்பவர்கள். சுவரைத் தொட நமக்கு உரிமை இல்லை. மேற்சொன்னவற்றிற்கோ வீட்டுக்காரரின் அனுமதி வேண்டுவதில்லை.

இரண்டாவது, ஞாயிற்றின் உதவி. மார்கழியில் டில்லியின் நண்பகற் சூரியன் தெற்கே சாய்ந்து, தொடுவானுக்கு மேல் சுமார் 38 டிகிரி உயரத்திலேயே நிற்கிறது. ஆதலால் தெற்குச் சன்னல் வழியாக வெயில் அறையின் உட்புறம் வரை நீண்டு விழும். முற்பகல் பதினொரு மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை அச்சன்னலின் திரையை விலக்கி வையுங்கள்; அதற்கு முன்னால் பீரோவையோ, துணி உலர்த்தும் கொடியையோ நிறுத்தாதீர்கள். வெயில் சாயத் தொடங்கியதும் சன்னலை அடைத்துக் கனத்த திரையை இழுத்து மூடுங்கள். பகலில் தரையும் சுவரும் வாங்கிய வெப்பம் இரவின் முற்பகுதி வரையேனும் நமக்குப் பயன்படும். மொசைக் தரையில் ஜமக்காளம் விரித்தால் பாதத்தின் வழியே உடல் குளிர்வது குறையும்.

மூன்றாவது, வெந்நீர். 20 லிட்டர் நீரை 15 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 0.6 யூனிட் போதும். ஆயினும் கீஸரை நாள் முழுதும் எரியவிட்டால், பயன்படுத்தாத வெந்நீரும் ஆறி ஆறி மீண்டும் சூடேறிக்கொண்டே இருக்கும். குளிப்பதற்குச் சற்று முன்னர் போட்டு, பின்னர் அணைப்பதே முறை. புதிதாக வாங்குவோர் நட்சத்திர முத்திரையைப் பார்த்து வாங்குதல் நன்று. மின்சாரத்தால் இயங்கும் கீஸர்களில், தேக்கிய வெந்நீர் எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்பதைக் கொண்டே அம்முத்திரை வழங்கப்படுகிறது.

இனி, இவை அனைத்தினும் முக்கியமான ஒன்று. இதுகாறும் மூடுக, அடைக்க என்று கூறிவந்தோம். மூடுவதற்கும் ஓர் எல்லை உண்டு. வடநாட்டில் அங்கீட்டி எனப்படும் கணப்புச் சட்டியைப் படுக்கையறையில் வைத்துக் கதவை அடைத்து உறங்கியவர்கள் காலையில் கண் விழிக்கவில்லை என்னும் செய்தி குளிர்காலந்தோறும் நாளேடுகளில் வருகிறது. அரைகுறையாக எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்கிற்கு மேல் உறுதியாக அது இரத்தத்தைப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்கி உறக்கத்திலேயே உயிரைக் கவர்ந்துவிடும். காற்றோட்டமற்ற குளியலறையில் வைத்த எரிவாயுக் கீஸராலும் இதே ஆபத்து நேரும்.

ஆதலின் விதி இதுதான்: மின்சார ஹீட்டர் உள்ள அறையின் இடுக்குகளை அடைக்கலாம். நெருப்பு எரியும் அறையை ஒருபோதும் அடைக்கலாகாது. கணப்பை வெளி முற்றத்தோடு நிறுத்துங்கள். எரிவாயுக் கீஸர் குளியலறைக்கு வெளியே, புகை வெளியேறும் இடத்தில் இருக்கட்டும். சமையலறையின் காற்றுவழியை அடைக்காதீர்கள். நெருப்பே இல்லாத வீட்டிலும் நண்பகலில் சிறிது நேரம் சன்னல்களைத் திறந்து வையுங்கள். இல்லையேல் ஈரம் தங்கிச் சுவரில் பூஞ்சை பிடிக்கும்.

உறங்கும்போது அறை முழுவதையும் சூடாக்க வேண்டிய தேவையும் இல்லை. உடலைச் சுற்றியுள்ள காற்று சூடாக இருந்தால் போதும். ரஜாய் செய்வது அதைத்தான். பழைய ரஜாயின் பஞ்சு கட்டிப்பட்டிருந்தால் கார்த்திகைக்குள் கொடுத்து அடித்து வாங்கிவிடுங்கள். பஞ்சினிடையே காற்று தங்கினால்தான் அது வெப்பத்தைத் தாங்கும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு முதன்முறையாக வடக்கே வந்திருக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்று உங்கள் தெருவிலும் இருக்கக்கூடும். ஒற்றை அறையில் நான்கு இளைஞர்கள் தங்கியிருக்கவும் கூடும். இரவுக் காவலர் தம் சிறு கூண்டிற்குள் கரி மூட்டுவதையும் நாம் காண்கிறோம். கணப்பின் ஆபத்தை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். பெட்டியில் கிடக்கும் கம்பளி ஒன்றையும் உடன் கொடுத்தால், அவர்கள் அந்தக் கரியை நாட வேண்டிய தேவையே குறையும்.